காஞ்சியில் தொடங்கி எல்லோரா வரை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. பேத்தி குப்புறக் கவிழ ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் அத்தனை சந்தோஷம். இனி ஒரு நிமிடம் கண்ணை எடுக்க முடியாது, பார்த்துக்கொள்.

மார்ச்சில் பணி ஓய்வு, அதற்கப்புறம் இந்தியா முழுக்கச் சுற்றப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். நம் விடுதி அறைச் சுவரில் இந்திய வரைபடத்தை ஒட்டி, போக வேண்டிய ஊர்களில் எல்லாம் ஒட்டுப் பொட்டு வைத்தோமே, அதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் நீ அனுப்பிய பட்டியல் எனக்குப் பிடிக்கவில்லை. 12 நாளில் 23 இடமா? நானும் ஒரு தடவை அப்படி ஒரு குழுவோடு போனேன். எல்லோராவில் எங்களுக்குக் கொடுத்தது 40 நிமிடம். கைலாசக் கோயில் வாசலைத் தாண்டி அண்ணாந்து பார்ப்பதற்குள் வண்டிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்று இரவு எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு வருடம் கழித்துத் தனியாகப் போய் மூன்று நாள் தங்கினேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன் என்றே சொல்வேன்.

ஊர்களை எண்ணாதே. ஒரு கதையைப் பிடித்துக்கொண்டு அது போகும் வழியிலேயே போ. எனக்கு ரொம்பப் பிடித்த வழியைச் சொல்கிறேன்.

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில் ஆரம்பி. ராஜசிம்ம பல்லவன் சுமார் 1,300 வருடத்துக்கு முன்னால் மணற்கல்லில் கட்டியது. சுற்றுச்சுவரை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்னச் சன்னதிகள், மொத்தம் 58. ஒவ்வொன்றுக்குள்ளும் தலையை நீட்டிப் பார். சிலவற்றில் பழைய ஓவியத்தின் வண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கருவறையைச் சுற்றித் தவழ்ந்து போகிற குறுகிய வழி ஒன்று உண்டு. உன் முழங்காலுக்கு அது வேண்டாம். அதற்குப் பதிலாக, முன்மண்டபத்துத் தூண் ஒன்றில் பழைய கன்னடத்தில் இருக்கும் கல்வெட்டைக் காட்டச் சொல்லிக் கேள்.

காஞ்சியில் கன்னடக் கல்வெட்டு எப்படி வந்தது? 642 வாக்கில் பல்லவ மன்னன் மாமல்லன் படையெடுத்துப் போய்ச் சாளுக்கியர் தலைநகரான வாதாபியைப் பிடித்தான். ஏறக்குறைய நூறு வருடம் கழித்துச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். பழி தீர்க்க வந்தவன் கோயிலைக் கொள்ளையடித்திருக்கலாம். ஆனால் அந்தச் செல்வத்தைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் இறைவனுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டான். தூணில் இருப்பது அந்தச் செய்திதான். அந்த எழுத்துக்கு முன்னால் நின்றால் எனக்கு மெய் சிலிர்க்கும்.

அங்கிருந்து வாதாபிக்குப் போ. கர்நாடகத்தில் இருக்கிறது, இப்போது பாதாமி என்கிறார்கள். செக்கச்செவேலென்ற மணற்கல் குன்றுகள், நடுவில் அகத்தியர் பெயரிலேயே ஒரு ஏரி. சாயங்கால வெயிலில் குன்று முழுக்கத் தணல் மாதிரி இருக்கும். குன்றில் குடைந்த குகைக் கோயில்களுக்குப் போகப் படி ஏற வேண்டும், நிதானமாக ஏறினால் போதும். அங்கேயே தங்கி, பக்கத்தில் மலப்பிரபா ஆற்றங்கரையில் இருக்கும் பட்டடக்கல்லுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கு. விக்கிரமாதித்தனின் காஞ்சி வெற்றிக்காக அவன் ராணி லோகமகாதேவி கட்டிய விருபாட்சர் கோயில் அங்கேதான் இருக்கிறது. கருவறைக்கு மேல் எழும் விமானத்தைப் பார்த்ததுமே, காஞ்சியில் பார்த்தது ஆயிற்றே என்று தோன்றும். இன்றைக்கும் பூசை நடக்கிறது. எதிரே மண்டபத்தில் கருங்கல் நந்தி. நான் போன அன்று அதற்குச் சிவப்புத் துணி போர்த்தியிருந்தார்கள். ஒரு பாட்டி அதன் காதில் எதையோ சொல்லிவிட்டு, தன் முந்தானையால் அதன் நெற்றியைத் துடைத்துவிட்டுப் போனார்.

அப்புறம் வடக்கே எல்லோரா. சாளுக்கியரை வீழ்த்திய ராஷ்டிரகூடர்கள் அந்தக் கோயில் வடிவத்தை விட்டுவிடவில்லை. முதலாம் கிருஷ்ணன் காலத்தில் அதையே மலையில் குடைந்தார்கள். இங்கே கல்லை அடுக்கவில்லை. மேலிருந்து கீழே வெட்டிக்கொண்டே வந்து, கோயிலை மட்டும் மிச்சம் வைத்தார்கள். அதற்கும் கைலாசம் என்றுதான் பெயர்! போனதும் உள்ளே நுழைந்துவிடாதே. பக்கவாட்டில் பாறை மேல் ஏறும் பாதையில் கொஞ்ச தூரம் போய்க் கீழே பார். மண்டபக் கூரையில் விரிந்த தாமரை, அதைச் சுற்றி நான்கு சிங்கங்கள் நிற்கும். அங்கிருந்து பார்த்தால்தான் உளி முதலில் எங்கே இறங்கியது என்று புரியும். கீழே வந்ததும் பீடத்தைத் தாங்கும் யானைகளின் பக்கத்தில் போய் நில். பல யானைகளுக்குத் தும்பிக்கை உடைந்திருக்கிறது. ஆனாலும் தோளில் பாரம் ஏறியிருப்பது அப்படியே தெரியும்.

கடைசியாக ஒன்று, இது மனிதர் கை படாதது. எல்லோராவைக் குடைந்த அந்தக் கரும்பாறை, சுமார் 6.6 கோடி வருடத்துக்கு முன்னால் எரிமலைக் குழம்பு ஓடி இறுகியது. அதே பாறையில்தான் லோனார் ஏரி இருக்கிறது. விண்கல் விழுந்த பள்ளம், குறுக்களவு சுமார் 1.8 கிலோமீட்டர். தண்ணீர் உப்பாகவும், சோப்புத் தண்ணீர் மாதிரி காரத்தன்மையோடும் இருக்கும். 2020இல் உப்பில் வாழும் நுண்ணுயிர்களால் ஏரி முழுக்க இளஞ்சிவப்பாக மாறியதே, அதே ஏரிதான். எல்லோராவிலிருந்து காரில் ஒரே நாளில் போய் வரலாம், ஆனால் ஓர் இரவு தங்கு. விடிகாலையில் விளிம்பில் நின்றால் கீழே காட்டுக்குள்ளிருந்து மயில் அகவுவது மட்டும்தான் கேட்கும். பள்ளத்துக்குள் இறங்குவதற்கு முன்னால் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொள்.

ஓய்வு கிடைத்த கையோடு ஏப்ரலில் கிளம்பிவிடாதே. தக்காணத்து வெயில் பாறையில் பட்டு முகத்தில் அடிக்கும். டிசம்பரில் போகலாம். ஆமாம், நானும் வருகிறேன். காஞ்சியில் காலை ஆறரைக்குக் கோயில் வாசலில் சந்திப்போம், சரியா? பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்னால் நாட்காட்டியைப் பார், எல்லோராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

உன் பழைய அறைத்தோழி