ஒட்டிப்போன பக்கங்களைப் பிரித்துத் தந்த ஆச்சிக்கும், எங்களைத் தாங்கின எல்லோருக்கும்

கர்த்தருக்குள் பிரியமானவர்களுக்கும், எங்கள் ஊருக்கு ஓடி வந்த அத்தனை பேருக்கும் அன்பின் வணக்கம்.

2023 டிசம்பர் 17, 18-ல் நடந்ததை நான் மறுபடி எழுதப் போவதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்ததும், தாமிரபரணிக்குக் கரை எது ஊர் எது என்று தெரியாமல் போனதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரலைச் சுற்றியிருக்கிற எங்களுக்கு அதைத் திரும்பச் சொல்லும் தெம்பு இன்னும் வரவில்லை. வீடு நிற்கிறது. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

ஃபைபர் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, என் மாமியாரைத் தோளில் தூக்கி இறக்கின கடற்கரைத் தம்பிகளுக்கு நன்றி. பள்ளிவாசலில் அடுப்பு மூட்டி, யார் எவர் என்று கேட்காமல் சோறு பொங்கிப் போட்ட பாய்மார்களுக்கு நன்றி. வெளி மாவட்டத்திலிருந்து வந்து, இடுப்பளவுச் சேற்றில் நின்று கம்பம் நட்ட மின்வாரியத் தம்பிகளே, உங்கள் வீட்டில் அந்த வருஷம் கிறிஸ்மஸோ பொங்கலோ எப்படிக் கழிந்ததோ, எங்கள் வீட்டில் விளக்கு எரிந்தது உங்களால். கிறிஸ்மஸ் அலங்காரத்துக்கு ஒதுக்கின பணத்தை அப்படியே பாய்க்கும் போர்வைக்கும் திருப்பிவிட்ட எங்கள் குருவானவருக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாருக்கும் நன்றி. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலோடு மாட்டிக்கொண்டவர்களுக்குப் புதுக்குடி மக்கள் உலை வைத்ததை நாடே பேசியது. யாரும் பேசாத உலைகள் எங்கள் பக்கத்தில் எத்தனையோ எரிந்தன. அவற்றை மூட்டின கைகள் எல்லாவற்றையும் ஆண்டவர் அறிவார்.

இத்தனை பேர் இருக்க, நான் உட்கார்ந்து இந்த மடலை எழுதக் காரணம் எங்கள் தெருக்கோடி ஆச்சி. பெயரைப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஊர்க்காரர்களுக்குப் பெயர் தேவையில்லை, மற்றவர்களுக்கு ஆச்சி என்பதே போதும்.

தண்ணீர் வடிந்தபோது வீட்டுக்குள் முழங்கால் அளவுக்கு வண்டல். உதவிக்கு வந்த பையன்கள் மண்வெட்டியால் அள்ளி அள்ளித் தெருவில் கொட்டினார்கள். மெத்தை, பீரோத் துணி, பிள்ளைகளின் பாடப்புத்தகம், எல்லாம் ஒரே நிறம். ஒவ்வொரு வாசலிலும் ஆள் உயரத்துக்கு ஒரு குவியல். நாங்கள் அப்போது தூத்துக்குடியில் தம்பி வீட்டில் இருந்தோம். எங்கள் வாசல் குவியலில் என் அம்மாவின் பைபிளும் போயிருக்கிறது.

அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு என் கைக்கு வந்த பைபிள் அது. முன்பக்கத்தில் எங்கள் எல்லோருடைய பிறந்த தேதியும் ஞானஸ்நானத் தேதியும் அம்மாவின் கையெழுத்தில் இருக்கும். ஓரங்களிலெல்லாம் பென்சில் குறிப்பு. சங்கீதம் 121-க்குப் பக்கத்தில் அண்ணன் வேலைக்குப் புறப்பட்ட நாள். ஏசாயா 43-க்குப் பக்கத்தில் “அவர்களுக்கு ஆபரேஷன்” என்று இரண்டே வார்த்தை. அப்பாவைப் பெயர் சொல்லி எழுதமாட்டார்கள். அம்மா என்னென்ன நாளில் எந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே பதிவு அதுதான்.

போய்விட்டது என்றே முடிவு செய்திருந்தோம். வருஷம் பிறக்கிறதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஆச்சி ஒரு துணிப்பையோடு வாசலில் வந்து நின்றார்கள். “எம்மா, இது ஒங்க அம்மாவோடது. நடுவுல ஒரு கட்டு மட்டும் பிரிய மாட்டேங்கு. இழுத்தா கிழிஞ்சிரும்னு விட்டுட்டேன்” என்றார்கள். அட்டை இல்லை. பக்கங்கள் அலை அலையாய் நெளிந்து, புத்தகம் இரண்டு மடங்கு தடிமனாகியிருந்தது. ஆற்று மணல் வாசம். ஆனால் எழுத்து இருந்தது. அம்மாவின் பென்சிலும் இருந்தது.

ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டுதான். அவர்கள் வீட்டுப் பின்சுவர் விழுந்துவிட்டது, வளர்த்த ஆடுகள் போய்விட்டன. அந்த நிலையில் எங்கள் குவியலுக்குள் அந்தப் புத்தகத்தைக் கண்டு, கழுவாமல், வெயிலில் காயப்போடாமல் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வெயிலில் வைத்தால் தாள் முறுகிப்போகும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. நார்க்கட்டிலில் நிழலில் வைத்து, பழைய நூல் சேலையைக் கிழித்துத் துண்டு துண்டாக இடையில் செருகி, ஈரத்தைத் துணிக்கு இழுக்கவிட்டிருக்கிறார்கள். துணி நனைந்ததும் மாற்று. பிறகு பனை ஈர்க்கை நீவி எடுத்து, ஒட்டியிருக்கிற தாளுக்கு நடுவே மெல்ல விட்டு ஒவ்வொன்றாகப் பிரித்திருக்கிறார்கள். பைபிள் தாள் எத்தனை மெல்லியது என்பது அதைப் புரட்டினவர்களுக்குத் தெரியும். காய்ந்திருக்கும்போதே விரலோடு ஒட்டும். நிவாரணப் பொட்டலத்தில் சுற்றி வந்த செய்தித்தாளைக்கூட எறியாமல் இடையில் வைத்திருக்கிறார்கள். ரோமர் நிருபத்தில் ஓரிடத்தில் மளிகை விளம்பரம் ஒன்றின் மை லேசாகப் பதிந்திருக்கிறது. அதை அழிக்க எனக்கு மனமில்லை.

அந்தப் பக்கம் கரண்ட் வராத நாட்கள் அவை. பகலில் பிரிப்பதும், இருட்டினபிறகு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் துணி மாற்றுவதுமாக இருந்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் ஆச்சி சொல்லவில்லை. “ஒட்டுன தாளப் பிரிச்சேன், அம்புட்டுத்தான்” என்று திரும்பிப் போய்விட்டார்கள். பேத்திதான் பிறகு வந்து சொன்னாள். ஒவ்வொரு தாள் பிரியும்போதும் ஆச்சி ஒரு வீட்டின் பெயரைச் சொல்லி ஜெபித்தார்களாம். முதலில் எங்கள் வீடு. பிறகு தெருவில் வரிசையாக ஒவ்வொரு வீடும், கோயில்கொடைக்கு வரி பிரிக்கிற அண்ணாச்சி வீடு, டீக்கடை, ரேஷன் கடைப் பையன். தெரு முடிந்ததும் படகுக்காரர்கள். அவர்களும் முடிந்ததும் கம்பத்தில் ஏறியிருந்த மின்வாரியத் தம்பிகள். பெயர் தெரியாதவர்களுக்கு, “அந்தச் செவப்புச் சட்டைக்காரப் பிள்ளைய காப்பாத்துங்கப்பா” என்று அடையாளம் சொல்லி ஜெபம். இந்த மடலில் நான் நன்றி சொல்லியிருக்கிற அநேகருக்காக, நான் உங்களைப் பார்க்கும் முன்பே எங்கள் தெருக்கோடியில் ஒருவர் உங்களை ஆண்டவரிடம் சொல்லிவிட்டார்கள். அதை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

யாத்திராகமம் 34-ல் மோசே மலையிலிருந்து இறங்கி வருகிற இடத்தைப் பிரசங்கத்தில் பலமுறை கேட்டிருக்கிறோம். கர்த்தர் தன்னோடு பேசினதினாலே தன் முகம் பிரகாசித்திருந்ததை மோசே அறியாதிருந்தான் என்று அங்கே இருக்கிறது. பார்க்கிறவர்கள் கிட்டே வரப் பயந்து ஒதுங்குகிறார்கள், அவனுக்கு மட்டும் தெரியவில்லை. ஆச்சி பையை நீட்டிவிட்டுத் திரும்பிப் போனபோது எனக்கு அந்த வசனம்தான் வந்தது. “உங்கள் வெளிச்சம் அவர்கள் முன்பாகப் பிரகாசிக்கக்கடவது” என்பதை நாம் மேடையோடும் சாட்சி சொல்வதோடும் சேர்த்தே நினைத்துப் பழகிவிட்டோம். ஆண்டவர் அதற்கு முந்தின வசனத்தில் சொன்னது வீட்டுக்குள் ஒரு தண்டின்மேல் வைத்த விளக்கை. அது வீட்டிலுள்ள யாவருக்கும் வெளிச்சம் கொடுக்கும் என்றார். அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று அவர் பிரிக்கவில்லை. ஆச்சியின் ஜெபத்திலும் அந்தப் பிரிவு இல்லை.

இது ஒரு வெள்ளத்தில் திடீரென்று வந்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும். விடியுமுன் எங்கள் சபைக் கோயிலில் முதல் மணி அடிக்கும்போதே ஆச்சி எழுந்து முற்றம் பெருக்கிக்கொண்டே சங்கீதம் சொல்வார்கள். 23, 91, 121 மூன்றும் முழுதாகத் தெரியும். இதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும். தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது 1715-ல். அதற்குப் பிறகு வெகுகாலம் ஆகியும் எழுத்து எட்டாத வீடுகள் இருந்தன. அந்த வீடுகளுக்கு வசனத்தைக் கொண்டுபோய், பெண்களுக்கு வாசித்துக் காட்டி மனப்பாடம் பண்ணவைத்தவர்கள் பைபிள் உமன்கள். ஆச்சியின் அம்மா அப்படி ஒருவரிடம் கேட்டுப் படித்ததைத்தான் ஆச்சிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண்மணியின் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. அவர்களுக்கும் இந்த மடலில் நன்றி.

ஏசாயா 43-ஐ இப்போது அந்த நெளிந்த பக்கத்தில்தான் வாசிக்கிறேன். “நீ ஆறுகளைக் கடக்கும்போது அவைகள் உன்மேல் புரளுவதில்லை” என்கிற இடத்தில் சில நாள் குரல் நின்றுவிடுகிறது. எங்கள்மேல் ஆறு புரண்டது. பக்கத்து ஊர்களில் உயிர்களே போயின. இதற்கு நான் விளக்கம் சொல்ல வரவில்லை. “நான் உன்னோடு இருப்பேன்” என்பதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவும் அந்த ஆபரேஷன் நாளில் அதைத்தான் அடிக்கோடிட்டிருக்கிறார்கள்.

ஆச்சிக்கு என்ன செய்வது என்று வீட்டில் பேசினோம். சேலை எடுத்துக் கொடுத்தோம், வாங்கிக்கொண்டு பேத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். பின்சுவரைக் கட்டித் தர வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் இறங்கியிருக்கிறார்கள், செங்கல் வந்துவிட்டது. என்னிடம் ஆச்சி கேட்டது ஒன்றே ஒன்று. “எல்லாப் பக்கத்தையும் தொட்டுட்டேன், உள்ள என்ன இருக்குன்னு வாசிச்சுக் காட்டுதியாம்மா?”

ஞாயிறு ஆராதனையில் வாசிக்கிற பாடங்களை ஆச்சி ஒன்று விடாமல் கேட்டவர்கள்தான். ஆனால் ஒரு புத்தகத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கேட்டதில்லையாம். ஆகவே ஆண்டவர் பெலன் தருகிறவரை, தினமும் சாயங்காலம் ஒரு அதிகாரமாவது ஆச்சிக்கு வாசிப்பேன் என்று அவர் சமுகத்தில் பொருத்தனை பண்ணியிருக்கிறேன். எனக்குப் பள்ளிக்கூட வேலையோ காய்ச்சலோ குறுக்கிட்டால் என் மகள் வாசிப்பாள். வாசித்து முடித்ததும் ஆச்சி ஜெபிப்பார்கள். அந்த ஜெபத்தில் இனி உங்கள் பெயர்களையும் சேர்க்கிறோம். படகுத் தம்பிகளும் மின்வாரியத் தம்பிகளும் இதைப் படிக்க நேர்ந்தால் உங்கள் பெயரை எங்கள் சபைக்குத் தெரிவியுங்கள், அடையாளம் சொல்லியே எத்தனை நாள்தான் ஜெபிப்பது?

ஆதியாகமத்தின் முதல் பக்கங்கள் ஆற்றோடு போய்விட்டன. அந்த அதிகாரங்களுக்குத் தம்பி வீட்டு பைபிளை வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் அங்கிருந்து தொடங்கவில்லை. ஆச்சிக்கு முதலில் ரூத் கதைதான் வேண்டுமாம். வாசிப்பு தொடங்குவது வருகிற திங்கட்கிழமை சாயங்காலம் 7 மணி, ஆச்சி வீட்டுத் திண்ணை. எங்கள் தெருவில் யார் வந்தாலும் உட்கார இடம் உண்டு.

கர்த்தருடைய ஊழியத்தில் உங்கள் சகோதரி,
ஏரல் பக்கத்து ஆசிரியை ஒருத்தி
2024 ஜனவரி