முதல் செமஸ்டர் கால்குலஸுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? முதல் நாளே சொல்லிவிடுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதம் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பி.எஸ்சி. கணிதம் முதலாண்டு படிக்கும் ஒரு பெண் தன் இன்டர்னல் தேர்வுத் தாளை என்னிடம் நீட்டினாள். பாப்பாரப்பட்டியைத் தாண்டி ஒரு கிராமம் அவளுக்கு. 25-க்கு 6 மதிப்பெண். “எனக்கு கால்குலஸ் வராது சார். படிப்பை விட்டுடலாமான்னு இருக்கு” என்றாள்.

தாளை வாங்கி வரிவரியாகப் பார்த்தேன். கால்குலஸ் என்னும் நுண்கணிதத்தில் வகையிடல், அதாவது ஒன்று மாறும் வேகத்தைக் கண்டுபிடிப்பது, அதற்கான வகுத்தல் விதியைச் சரியாகப் போட்டிருந்தாள். உள்ளே சங்கிலி விதி வரும் இடத்தையும் சரியாகக் கண்டுபிடித்திருந்தாள். கடைசி வரியில் மேலே ஆறு எக்ஸ் கூட்டல் மூன்று, கீழே மூன்று. மேலே இருக்கும் மூன்றையும் கீழே இருக்கும் மூன்றையும் கோடு போட்டு அடித்துவிட்டு, ஆறு எக்ஸ் என்று விடை எழுதியிருந்தாள். எக்ஸுக்கு 1 போட்டுப் பார்க்கச் சொன்னேன். மேலே 9, கீழே 3, ஆக 3 வருகிறது. அவள் எழுதிய விடைப்படி 6 வருகிறது. கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அடுத்த கணக்கைத் தானே எடுத்துப் பார்த்தாள். அங்கேயும் அதே அடித்தல். அதற்கடுத்த கணக்கிலும்.

வகையிடலில் அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. எட்டாம் வகுப்புப் பின்னத்தில்தான் மதிப்பெண் முழுக்கப் போயிருந்தது. அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. தாளில் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி மட்டும் இருந்தது.

நான் பென்னாகரத்தில் முதலாண்டு மாணவர்களுக்குச் சாயங்காலம் கணக்கு சொல்லிக்கொடுப்பவன். நானும் இந்த மாவட்டத்தில் பி.எஸ்சி. கணிதம் படித்தவன்தான். முதல் செமஸ்டர் கால்குலஸில் எனக்கு அரியர் விழுந்தது. மூன்றாவது முறை எழுதித்தான் தேறினேன். அந்த இரண்டு வருடமும் எனக்கு மூளை போதாது என்றே நினைத்திருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். 2004-இல் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தாலும் பென்னாகரத்துப் பிள்ளையும் ஊத்தங்கரைப் பிள்ளையும் இந்தப் பாடத்தில் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான்.

நான் கேட்பது இதுதான். இந்தப் பாடத்துக்கு வரும் மாணவரிடம் நீங்கள் என்னென்ன எதிர்பார்க்கிறீர்கள் என்பதை, முதல் நாள் முதல் வகுப்பிலேயே, தமிழில், ஒரே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

எதிர்பார்ப்பு இல்லாத பாடம் கிடையாது. பி.எஸ்சி.யில் வகை நுண்கணிதம் முதல் அலகே என்-ஆம் வகைக்கெழுவில்தான், அதாவது ஒரு சார்பை என் முறை அடுத்தடுத்து வகையிடுவதில்தான், தொடங்குகிறது. அதற்குப் பின்னாலேயே லைப்னிட்ஸ் சூத்திரம், பகுதி வகைக்கெழு, வளைமை என்று போகிறது. அப்படியென்றால் முதல் வகைக்கெழுவைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள் என்று பாடத்திட்டம் நம்புகிறது. பொறியியலில் இன்னும் நெருக்கடி. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’ என்று ஒரே தாள் இருந்தது. அணிகள், வகை நுண்கணிதம், பல மாறிகளின் சார்புகள், தொகை நுண்கணிதம், பன்மடித் தொகையீடு என்று ஐந்து அலகுகள், மொத்தம் 60 பாடவேளை. கலந்தாய்வின் கடைசிச் சுற்றில் இடம் கிடைத்து வந்த பிள்ளைக்கு அந்த 60-உம் முழுசாகக் கிடைத்ததில்லை.

பாடத்திட்டத்தைக் குறை சொல்ல வரவில்லை. அது எதை நம்புகிறதோ அது நம் பிள்ளைகளிடம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வாரம் ஒதுக்குங்கள் என்கிறேன்.

பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் 9, 10, 11-ஆம் பாடங்கள்தான் எல்லை, தொடர்ச்சி, வகையிடல், தொகையீடு. வருடக் கடைசியில் வருகிற பாடங்கள். பன்னிரண்டில் 7 முதல் 10 வரை நான்கு பாடங்கள் நுண்கணிதம். ஆனால் மெல்லக் கற்போருக்கு என்று கொடுக்கப்படும் மினிமம் மெட்டீரியலைக் கையில் வைத்துக்கொண்டு அணிகள், கலப்பெண்கள், வெக்டர், தனிநிலைக் கணிதம் ஆகியவற்றை மட்டும் படித்துத் தேறி வருகிறவர்கள் ஏராளம். அவர்கள் ஏமாற்றவில்லை. அப்படித்தான் படிக்கச் சொன்னார்கள், படித்தார்கள். இன்னொரு பக்கம், பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலேயே பன்னிரண்டை இரண்டு வருடம் நடத்துகிற பழக்கம் நம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் எவ்வளவு வேரூன்றி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். 2017-18-இல் பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு வந்த பிறகு அது கொஞ்சம் மட்டுப்பட்டது. மாநிலக் கல்விக் கொள்கை வெளியான பின், 2025-26 முதல் அந்தத் தேர்வு எடுக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளின் பாரம் குறைந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பழைய பழக்கம் திரும்பிவிட்டால், இனி வருகிற மாணவர்களில் பலர் எல்லை என்றால் என்ன என்று முதன்முதலில் உங்கள் வகுப்பில்தான் கேட்பார்கள். அதற்கு இப்போதே தயாராக வேண்டும்.

பி.எஸ்சி. மாணவர்களுக்கு முதல் செமஸ்டரிலேயே ‘பிரிட்ஜ் மேதமேடிக்ஸ்’ என்று ஒரு தாள் இருக்கிறது. நல்ல யோசனை. ஆனால் அதில் வகையிடல் வருவது பின்பகுதியில். இந்தப் பக்கம் என்-ஆம் வகைக்கெழுவை முதல் வாரமே ஆரம்பித்துவிடுகிறோம். பாலம் கட்டி முடியும்முன் ஆற்றில் இறங்கச் சொன்னது போல் ஆகிறது. இரண்டு தாளையும் நடத்துகிறவர்கள் ஒரே துறையில், பல சமயம் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பாலத் தாளின் வகையிடல் பகுதியை முதல் இரண்டு வாரத்துக்கு இழுத்துவிட்டால் போதும். அதற்கு யாருடைய ஆணையும் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

அந்த ஒரு தாளில் என்ன இருக்க வேண்டும்? நான் பார்த்தவரை, கால்குலஸில் விழுகிறவர்களில் பெரும்பாலோர் கால்குலஸால் விழுவதில்லை. பின்னமும் அடுக்கும் மடக்கையும்தான் காலை வாருகின்றன. 16-ஐயும் 9-ஐயும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 5. தனித்தனியாக எடுத்துக் கூட்டினால் 4-உம் 3-உம் சேர்ந்து 7. எண்ணாகக் கொடுத்தால் யாரும் தவறுவதில்லை. எக்ஸ் வர்க்கம் கூட்டல் ஒன்பது என்று கொடுத்தால் பத்துக்கு ஆறு பேர் வர்க்கமூலத்தைப் பிரித்துவிடுகிறார்கள். சைனையும் இப்படித்தான் பிரிக்கிறார்கள். சைன் 30 பாகையையும் சைன் 60 பாகையையும் கூட்டினால் ஒன்றுக்கு மேல் போகிறது, சைன் 90 ஒன்றுதானே என்று ஒரு முறை போட்டுக் காட்டினால் அப்புறம் செய்வதில்லை. சந்தேகம் வந்தால் எக்ஸுக்கு ஓர் எண்ணைப் போட்டுச் சரிபார் என்ற ஒரு பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தாலே பாதித் தப்பு போய்விடும்.

ஆக, தாளின் முதல் பாதி முழுக்க இதுவாக இருக்கட்டும்: பின்னங்களைக் கூட்டத் தெரிய வேண்டும், குறை அடுக்கையும் பின்ன அடுக்கையும் மாற்றி எழுதத் தெரிய வேண்டும், காரணிப்படுத்தத் தெரிய வேண்டும், மடக்கை விதிகள், 30, 45, 60 பாகைகளின் முக்கோணவியல் மதிப்புகள் கால்குலேட்டர் இல்லாமல் வர வேண்டும். நேர்கோடு, பரவளையம், சைன், அடுக்குக்குறிச் சார்பு இவற்றின் வரைபடத்தைப் பார்க்காமல் போடத் தெரிய வேண்டும். பிறகு பெருக்கல் விதி, வகுத்தல் விதி, சங்கிலி விதி. இவ்வளவுதான். பயமுறுத்துகிற பட்டியல் இல்லை. முதல் வாரம் மதிப்பெண் கிடையாது என்று சொல்லி இதிலிருந்து இருபது கேள்வி கொடுத்துப் பாருங்கள். யாருக்கு எங்கே ஓட்டை என்று அன்றைக்கே தெரிந்துவிடும். பிள்ளைக்கும் தெரிந்துவிடும். பாப்பாரப்பட்டிப் பெண்ணுக்கு நவம்பரில் தெரிந்தது ஆகஸ்டிலேயே தெரிந்திருக்கலாம்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ் வழியில் படித்தவனுக்கு ‘சார்பு’ தெரியும், ‘ஃபங்ஷன்’ தெரியாது. ‘வகைக்கெழு’ தெரியும், ‘டெரிவேட்டிவ்’ கேட்டால் புதுசாக இருக்கும். என்னிடம் வந்த ஒரு பையன் ‘கன்டினியூட்டி’ என்பதைப் புதுப் பாடம் என்று நினைத்து மூன்று வாரம் பயந்துகொண்டிருந்தான். பதினொன்றில் படித்த ‘தொடர்ச்சி’தான் அது என்று சொன்னதும், “அதுவா சார்?” என்று அவன் முகம் மாறியது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழில் படித்து, கல்லூரியில் ஆங்கிலத்துக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். நாற்பது சொல் போதும். இடது பக்கம் தமிழ், வலது பக்கம் வகுப்பில் நீங்கள் சொல்லும் ஆங்கிலச் சொல். அதே தாளின் பின்பக்கத்தில் அடித்துக் கொடுத்துவிடலாம்.

வீட்டில் எவ்வளவு நேரம் போட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். பள்ளியில் மாதிரி வினாத்தாளைத் திருப்பித் திருப்பி எழுத வைத்தார்கள். இங்கே யாரும் எழுத வைக்கப்போவதில்லை, தானாக உட்கார்ந்து போட வேண்டும் என்பது முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? அண்ணன், அக்கா யாராவது படித்திருந்தால் சொல்வார்கள். என் அனுபவத்தில், ஒரு மணி நேர வகுப்புக்கு வீட்டில் ஒன்றரை மணி நேரம் நோட்டில் போட்டுப் பார்க்கிறவர்கள் தப்பித்துவிடுகிறார்கள். பஸ்ஸிலேயே இரண்டரை மணி நேரம் போகிறவர்களுக்கு அது சுலபமில்லை. இருந்தாலும் கணக்கு தெரிந்தால் அதற்கேற்ப நேரத்தைப் பிரித்துக்கொள்வார்கள். வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த அறையில் வந்து சந்தேகம் கேட்கலாம் என்பதையும் எழுதிவிடுங்கள். கேட்கலாம் என்று பொதுவாகச் சொன்னால் நம் பிள்ளைகள் வர மாட்டார்கள்.

உங்கள் கஷ்டம் தெரியாமல் எழுதவில்லை. ஒரு வகுப்பில் அறுபது பேர், முடிக்க வேண்டிய போர்ஷன், அதற்கு நடுவில் வருகைப் பதிவேடும் அசைன்மென்ட் திருத்துவதும். கௌரவ விரிவுரையாளராக இருப்பவர்களின் பாடு தனி. ஆனாலும் முதல் வாரம் செலவழிக்கிற மூன்று மணி நேரம், நவம்பரில் பத்து மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

இன்னொன்று. இந்தப் பாடம் எதற்கு என்று முதல் வகுப்பிலேயே ஒரு வார்த்தை. நம் ஊருக்கு வெளியே தேட வேண்டியதில்லை. ஒகேனக்கல் நீர்வரத்தைத் தினமும் செய்தியில் கேட்கிறோம். காலை 8 மணிக்கு விநாடிக்கு 8,000 கனஅடி, இரவு 8 மணிக்கு 16,000 கனஅடி என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் போயிருக்கும்? இதை என் வகுப்பில் கேட்டேன். ஒருவன் 8,000-ஆல் பெருக்கினான், இன்னொருத்தி 16,000-ஆல் பெருக்கினாள். இரண்டு பேருக்கும் சண்டை. நேரத்தைக் கிடைக்கோட்டிலும் வரத்தைச் செங்குத்துக் கோட்டிலும் வைத்துப் படம் போடச் சொன்னேன். வரத்து சீராக ஏறியதாகக் கொண்டால் சாய்கோடு வருகிறது. அதன்கீழ் இருக்கும் பரப்பு ஒரு சரிவகம். சராசரி 12,000 கனஅடி, 43,200 விநாடி, ஆக 51.84 கோடி கனஅடி. நூறு கோடி கனஅடி ஒரு டிஎம்சி. அரை டிஎம்சிக்குக் கொஞ்சம் கூட. “அப்ப வரத்து கோணல்மாணலா ஏறி இறங்கினா?” என்று 16,000-ஆல் பெருக்கிய பெண்ணே கேட்டாள். தொகையீட்டை நான் ஆரம்பிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை, அவளே ஆரம்பித்துவிட்டாள். அந்தச் சாய்கோட்டின் சரிவு என்ன சொல்கிறது என்று கேட்டால் வகைக்கெழுவும் அதே படத்திலேயே கிடைத்துவிடுகிறது.

என்னிடம் படிக்கும் பிள்ளைகளோடு சேர்ந்து அப்படி ஒரு தாளைத் தயார் செய்து வைத்திருக்கிறேன். முன்பக்கம் தெரிந்திருக்க வேண்டியவை, பின்பக்கம் நாற்பது சொற்கள். கடைசிச் சொற்களைச் சரிபார்த்தது அந்தப் பாப்பாரப்பட்டிப் பெண்தான். செமஸ்டரில் கால்குலஸ் தாளில் அவள் தேறிவிட்டாள். நாங்கள் தயாரித்த அந்த ஒற்றைத் தாளில் திருத்த வேண்டியவை நிறைய இருக்கும், உங்கள் பாடத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த முதலாண்டு வகுப்பு தொடங்கும்முன் எந்தத் துறையிலிருந்து கேட்டாலும், எத்தனை பிரதி வேண்டுமானாலும், ஜெராக்ஸ் எடுத்து நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
முதலாண்டு மாணவர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் ஒருவன்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.