மலையுச்சியில் முடியும் கட்டங்களுக்கு ஒரு விதி வேண்டும்

சர்வதேச சைக்கிள் ஓட்ட ஒன்றியத்துக்கும் டூர் டி பிரான்ஸ் அமைப்பாளர்களுக்கும் வணக்கம்.

டூரில் ஒவ்வொரு நாள் ஓட்டமும் ஒரு கட்டம்; எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டி, குறைவாக எடுத்தவரே வெல்கிறார். சமதளத்தில் முடியும் கட்டங்களில், வழக்கமாகக் கடைசி 3 கிலோமீட்டருக்குள் ஒரு வீரர் விழுந்தாலோ டயர் பஞ்சரானாலோ, எந்தக் கூட்டத்தோடு வந்துகொண்டிருந்தாரோ அந்தக் கூட்டத்தின் நேரத்தையே அவருக்கும் தருகிறீர்கள். மலையுச்சியில் முடியும் கட்டங்களுக்கு மட்டும் அது செல்லாது. காரணம் புரிகிறது. ஏற்றத்தில் ஒவ்வொரு விநாடியும் காலின் வலுவால் கிடைப்பது. மூச்சு வாங்கிப் பின்தங்கியவர் விழுந்ததைச் சாக்காக வைத்து நேரத்தை மீட்டுவிடக் கூடாது. சரிதான். ஆனால் பார்வையாளரோ பந்தயத்தின் சொந்த மோட்டார் சைக்கிளோ அவரைத் தள்ளிவிட்டால்?

2016 ஜூலை 14, பிரான்சின் மோன் வான்டூ மலை. உச்சியில் பலத்த காற்று என்பதால் முடிவுக் கோட்டை 6 கிலோமீட்டர் கீழே, ஷாலே ரெனார் என்ற இடத்துக்கு இறக்கினீர்கள். மலை முழுக்கப் பரவி நின்றிருக்க வேண்டிய ஜனம் கீழ்ப்பகுதியில் நெருக்கியடித்தது. சாலை அடைபட்டு, முன்னால் போன பந்தய மோட்டார் சைக்கிள் நின்றுவிட, பின்னால் வந்த ரிச்சி போர்ட், பாக்கே மொலேமா, கிறிஸ் ஃப்ரூம் மூவரும் அதில் மோதினார்கள். மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சியோடு ஃப்ரூம் சைக்கிள் இல்லாமல் மலையேறி ஓடினார். பொது உதவி வண்டி கொடுத்த சைக்கிளும் அவருக்குச் சரிப்படவில்லை. அன்று மாலை நடுவர்கள் கூடி, ஃப்ரூமுக்கும் போர்ட்டுக்கும் மொலேமாவின் நேரத்தைக் கொடுத்தார்கள். நியாயமான முடிவு, சந்தேகமே இல்லை.

இரண்டு வருஷம் கழித்து, 2018இல் ஆல்ப் டியூவேஸ் மலையேற்றம். அதன் 21 வளைவுகளிலும் மனிதச் சுவர்; புகைக்குச்சிகளின் புகையில் முன்னால் போகிறவர் முதுகே தெரியவில்லை. முன்னணி வீரர்களோடு ஏறிக்கொண்டிருந்த வின்சென்சோ நீபலி கீழே விழுந்தார். பார்வையாளர் ஒருவருடைய கேமரா வார் அவர் சைக்கிளில் சிக்கியதாகச் சொல்லப்பட்டது. எழுந்து விரட்டி, அந்தக் கட்டத்தில் வெற்றி பெற்ற கெரைன்ட் தாமசுக்கு 13 விநாடி பின்னால் வந்து சேர்ந்தார். முதுகெலும்பில் முறிவு, அத்தோடு அவருடைய டூர் முடிந்தது. அந்த 13 விநாடியோ அவர் கணக்கிலேயே ஏறியது.

இரண்டு முறையும் வீரர்கள் மேல் தவறில்லை, ஆனால் தீர்ப்பு மட்டும் வேறு. விதிப்புத்தகத்தில் இதற்கென்று தெளிவான வரி இல்லாதவரை, அன்றைக்கு உட்காரும் நடுவர்களின் மனசைப் பொறுத்துத்தான் எல்லாம் நடக்கும். மஞ்சள் ஜெர்சிக்கு ஒரு நீதி, மற்றவருக்கு ஒரு நீதி என்று ரசிகர்கள் பேசினால் அதற்குப் பதில் சொல்ல உங்களிடம் ஒன்றும் இருக்காது.

மலையைக் காலி செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. 2023இல் புய் டி டோம் மலையில் கடைசி 4 கிலோமீட்டருக்குப் பார்வையாளர்களே இல்லை. அங்கே சாலை குறுகல், சூழலைக் காக்க வேண்டிய இடம், அதனால் வேறு வழியில்லை. ஆனாலும் அந்த நிசப்தம் எனக்குப் பிடிக்கவில்லை. வீரரின் காதருகே பெயர் சொல்லிக் கத்த முடிகிற விளையாட்டு வேறு எது?

நான் கேட்பது இதுதான். உச்சியில் முடியும் ஏற்றத்தில் பார்வையாளராலோ பந்தய வாகனத்தாலோ ஒரு வீரர் விழுந்தது ஒளிப்பதிவில் உறுதியானால், அந்த நொடியில் யாரோடு இருந்தாரோ அவர்களின் நேரம் அவருக்குக் கிடைக்க வேண்டும். தனியே முன்னால் போனவர் என்றால், அப்போதிருந்த இடைவெளி அவர் கணக்கில் நிற்கட்டும். கட்ட வெற்றியைத் திருப்பித் தர முடியாது; மொத்த நேரத்தையாவது காப்பாற்றலாம். நடிப்பார்கள் என்ற பயம் வேண்டாம், முன்னணிக் குழுவைச் சுற்றி எப்போதும் கேமராக்கள் இருக்கின்றன.

அப்புறம், முடிவுக் கோட்டை மாற்றினால் தடுப்புவேலியும் அதோடு இறங்க வேண்டும். புதிய கோட்டுக்கு முன்னால் வேலி போட ஆளோ நேரமோ போதவில்லை என்றால், அந்தக் கட்டத்தின் நேரத்தை எங்கே எடுப்பது என்பதை வீரர்கள் கிளம்பும் முன்பே அறிவித்துவிடுங்கள்.

அன்புடன்,
மலைக் கட்டங்களைத் தவறவிடாத ஒரு ரசிகன்