ஷஃபாலிக்குக் கைதட்டல், பிரதிகாவுக்கு?

ஐயா,

2025 மகளிர் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதியாட்டம் என்றாலே ஷஃபாலி வர்மாவின் 87 ரன்களைத்தான் சொல்கிறார்கள். எனக்கோ அவர் பந்துவீச்சுதான் கண்ணிலேயே நிற்கிறது. முதலில் அறிவித்த அணியிலும் இல்லை, மாற்று வீராங்கனைகள் பட்டியலிலும் இல்லை; தொடக்க வீராங்கனை பிரதிகா ராவல் காயமடைந்ததால் அவசரமாக அழைக்கப்பட்டவர். அரையிறுதியில் 10 ரன்னில் அவுட். அப்படிப்பட்டவர் இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்க வீராங்கனைகள் லூஸையும் காப்பையும் அடுத்தடுத்த ஓவர்களில் சாய்த்தார்! நம்பிப் பந்தைக் கொடுத்த கேப்டன் ஹர்மன்பிரீத்துக்கும் பாதிப் பாராட்டு சேர வேண்டும்.

ஆனால் தொடரில் 308 ரன் குவித்த பிரதிகா சக்கர நாற்காலியில் கொண்டாட வந்தபோது, இறுதியில் அணியில் இருக்கும் 15 பேருக்குத்தான் பதக்கம் என்ற விதியால் அன்று அவருக்குக் கிடைக்கவில்லை. காயத்தால் விலகியவர்களையும் சேர்த்து ஐசிசி விதியைத் திருத்த வேண்டும்.

– வாசகர், மதுரை