எண் கோட்பாட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் கணக்குப் போட விடுங்கள்

பல்கலைக்கழகக் கணிதப் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். முழு எண்களின் இயல்புகளை ஆராயும் எண் கோட்பாட்டில் ஆராய்ச்சி முடித்துவிட்டு, இப்போது ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. மாணவர்களுக்கு அதையே நடத்துகிறேன். அடுத்த முறை பாடத்திட்டத்தைத் திருத்த உட்காரும்போது, போன பருவத்தில் என் வகுப்பில் நடந்ததை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அன்றைக்குப் பாடம் நடத்தவில்லை. 2184 முதல் 2200 வரை 17 எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "மற்ற பதினாறில் எதோடும் 1-ஐத் தவிரப் பொது வகுத்தி இல்லாத எண் இதில் ஒன்றாவது இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டேன். இரட்டை எண்கள் உடனே போயின. 2189-ஐப் பார்த்து ஒரு மாணவி பகா எண் என்றாள்; பக்கத்தில் இருந்தவள் 11 பெருக்கல் 199 என்று அடித்தாள். 2200-உம் பதினொன்றில் வகுபடும், அதுவும் போயிற்று. கடைசியாக மிஞ்சியது 2197. ஐந்து நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "சார், அது பதின்மூணோட கனம்!" 2184-உம் பதின்மூன்றின் மடங்குதான். பதினேழில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

அடுத்தடுத்த எண்கள் பதினாறு வரைக்கும் எடுத்தால் ஒன்றாவது கட்டாயம் தப்பும், பதினேழில்தான் இது முதலில் உடைகிறது என்று நிறுவியவர் எஸ். எஸ். பிள்ளை. செங்கோட்டைக்குப் பக்கத்தில் வல்லத்தில் 1901-இல் பிறந்தவர். 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். எந்த இயல் எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுதிவிடலாம் என்பதை 1940-இல் அவர் நிறுவியதும் அந்தச் சிதம்பரக் காலத்தில்தான். 1950-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்துபோனார். என் வகுப்பில் அவர் பெயரை அதற்கு முன் கேள்விப்பட்டவர் ஒருவரும் இல்லை. இது எனக்கு உண்மையாகவே வலித்தது.

2189-ஐப் பகா எண் என்ற அந்த மாணவி 2201-ஐச் சேர்த்துப் பார்த்தாள். அது 31 பெருக்கல் 71, தப்பிவிட்டது. 2183-உம் 37 பெருக்கல் 59, அதுவும் தப்பியது. "அப்ப பதினெட்டுக்கு வேற இடத்துல தேடணுமா சார்?" என்றாள். ஆராய்ச்சியில் கேட்கும் கேள்வியே இதுதான். பதினேழுக்கு மேல் எந்த எண்ணிக்கைக்கும் அப்படி ஓர் இடம் உண்டு என்று 1941-இல் ஆல்ஃபிரட் பிரவுவர் என்ற கணிதர் நிறுவியதை அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

நான் எம்.எஸ்சி. படித்தபோது, வகுத்தால் வரும் மீதிகளை வைத்து எண்ணைக் கண்டுபிடிக்க உதவும் சீன மீதித் தேற்றத்தின் நிரூபணத்தை மனப்பாடமாக எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். ஆராய்ச்சியில் சேர்ந்த முதல் வாரம் நெறியாளர் ஒரு தாளில் மூன்று மீதிகளை எழுதி, எண்ணைக் கண்டுபிடி என்றார். அரை மணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கு முன் ஒரு கணக்குகூட அதில் நான் போட்டதில்லை.

நான் கேட்பது பெரிய மாற்றமில்லை. எண் கோட்பாட்டுத் தாளுக்கு வாரம் ஒரு மணி நேரம், கையால் கணக்குப் போடவும் அனுமானம் செய்யவும் மட்டும் ஒதுக்குங்கள். அக மதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணில் பத்தை அந்த நோட்டுக்குக் கொடுங்கள். விடை தப்பாக இருந்தாலும், தேடிய வழி தெரிந்தால் மதிப்பெண் கிடைக்கட்டும். ஆய்வகம் கட்ட வேண்டாம். எண் கோட்பாட்டுக் கணக்குகளுக்கான பாரி என்ற இலவச மென்பொருள் கல்லூரிகளில் கிடக்கும் பழைய கணினியிலேயே ஓடும். இரண்டு பகுதிப் பாடம் குறையுமே என்பீர்கள். சரி, குறையட்டும். ஒருங்கிசைவையும் (ஒரே எண்ணால் வகுத்தால் ஒரே மீதி தரும் எண்களின் உறவு) பகா எண்களையும் கையால் தொட்டுப் பார்த்தவருக்கு மீதியைத் தானாகப் படித்துக்கொள்ளத் தெரியும்.

அந்த மாணவி பதினெட்டுக்கான இடத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள். விடை எனக்குத் தெரியும், சொல்லவில்லை. அவளுக்கு இப்போது தேவை ஒரு மணி நேரம்தான். அதைக் கால அட்டவணையில் நீங்கள்தான் போட முடியும்.

அன்புடன்,
ஒரு கணித ஆசிரியர்