சனிக்கிழமை மாற்றுத்திறனாளிகளுக்கான ஓவிய அமர்வுக்கு உதவ வருபவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம். முக்கியமான வேண்டுகோள் ஒன்றுதான்: யாருடைய படத்தையும் நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். கோடு கோணலாகப் போனால் போகட்டும், அது அவர் போட்ட கோடு. கையைப் பிடித்து வரைய வைப்பதும் வேண்டாம். உதவி தேவையா என்று கேளுங்கள், பதில் வரும்வரை பொறுமையாக இருங்கள்.

தூரிகையைப் பிடிக்கச் சிரமப்படுவோருக்கு அதன் காம்பில் ஸ்பாஞ்ச் சுற்றி டேப் ஒட்டினால் பிடி தடிமனாகிவிடும். தாளை மேசையில் ஒட்டிவிட்டால் நகராது. பார்வையற்றவர்களுக்காகக் களிமண், கயிறு, துணித் துண்டுகள் கொண்டு வாருங்கள்.

அப்புறம் பாட்டு. பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு வராத சிலருக்குக்கூடப் பழகிய பாட்டின் வரிகள் வாயில் வருவதுண்டு. அதனால் சேர்ந்து பாடுவோம், யாரையும் வற்புறுத்தாமல்.

மாற்றுத்திறனாளிகள் தங்கள் படைப்புத் திறனை வளர்த்துக்கொள்ள வாய்ப்பு தரப்பட வேண்டும் என்று அவர்களின் உரிமைகளுக்கான 2006ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை, 30ஆவது பிரிவில் சொல்கிறது. ஆகவே ‘பாவம், பொழுது போகட்டும்’ என்ற பேச்சு நமக்குள் வேண்டவே வேண்டாம்.

படங்களை இந்தக் குழுவில் போடும் முன் வரைந்தவரிடம் அனுமதி கேளுங்கள். வருபவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் இங்கே பெயர் கொடுங்கள்.