கயலுக்கு அப்பா எழுதுவது

பெரம்பூர், சென்னை

அன்பு மகள் கயல்விழிக்கு,

ராட்வீலர் நாய்க்குட்டிக்கு முன்பணம் கொடுக்கப் போவதாக நீ சொன்னதிலிருந்து எனக்கு உறக்கம் இல்லை. ஒரே சொல்லில் மறிக்க மனமில்லை. ஆனால் வீட்டில் மூன்று வயது இனியா இருக்கும்போது இதை எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

2024 மே மாதம் இங்கே ஆயிரம் விளக்குப் பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியதிலிருந்து, அந்த இனத்தின் இரத்தத்திலேயே வெறி ஊறியிருக்கிறது என்றுதான் காலை நடைக்கு வருகிறவர்கள் பேசுகிறார்கள். குணம் வழிவழியாக வருவது மெய்தான். சைபீரியாவில் 1959-இல் மரபியல் அறிஞர் பெல்யாயெவ் தொடங்கிய ஆய்வில், சாதுவான நரிகளையே தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்தபோது மனிதரை நாடி வரும் குட்டிகள் பிறந்தன. சீறுகிறவற்றைச் சேர்த்த வழியில் சீறும் குட்டிகளே பிறந்தன. ஆனால் அங்கே குணத்தைப் பார்த்தே இணைசேர்த்தார்கள். நாய் விற்பவர் பெரும்பாலும் நிறத்தையும் தலையளவையும் பார்த்துச் சேர்க்கிறார். 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டும் 2,000-க்கும் மேற்பட்டவற்றின் மரபணுவைப் படித்தும், நாய்க்கு நாய் காணும் நடத்தை வேறுபாட்டில் சுமார் 9 விழுக்காட்டைத்தான் இனம் விளக்குகிறது என்று கண்டது.

ஆகவே இனப்பெயரை விட்டுவிட்டு, குட்டியின் தாயைப் போய்ப் பார். புது ஆளைக் கண்டு அது ஒடுங்குகிறதா, பாய்கிறதா, முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொள்கிறதா என்று கவனி. தாயைக் காட்ட மறுப்பவரிடமும், முப்பது நாளில் குட்டியைப் பிரித்துத் தருபவரிடமும் வாங்காதே. எட்டு வாரமாவது கூடப்பிறந்தவற்றோடு புரண்டால்தான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதை அது கற்கும். இத்தனையும் சரியாக இருந்தாலும், வளர்ந்தபின் ஐம்பது கிலோ எடையுள்ள நாய் ஒரே ஒருமுறை தவறினால் குழந்தை தாங்காது என்பதை மறக்காதே.

நம் மணியை நினைத்துக்கொள். துவைக்கும் கல்லருகே அலுமினியத் தட்டில் சோறு தின்னும்போது யார் நெருங்கினாலும் உறுமும். செய்தித்தாளைச் சுருட்டி நான் அடித்தேன், உறுமுவதை விட்டது, திருந்திவிட்டது என்று மகிழ்ந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை உருண்டோடிய பந்தை எடுக்க நீ குனிந்தாய். அதன் மெல்லுதல் நின்றது, முதுகு விறைத்தது, கண்ணின் வெள்ளை தெரிந்தது. சத்தமே இல்லாமல் உன் முழங்கையைக் கவ்வியது. நாட்டு நாயின் புத்தி அதுதான் என்று தெருவே சொன்னபோது நானும் தலையாட்டினேன். அதன் எச்சரிக்கையை அடித்து அடக்கியவன் நான்தான் என்று உன்னிடம் இன்றுவரை சொன்னதில்லை, அம்மா.

எந்த நாய் வந்தாலும் அது உறுமினால் அடிக்காதே. குழந்தையைத் தூக்கிக்கொண்டு விலகு. அது தின்னும் இடத்துக்குக் கதவு போடு. கண்ணெதிரே நீ இல்லாதபோது இருவரையும் ஒரே அறையில் விடாதே.

தாய் நாயைப் பார்க்கப் போகும் நாளைச் சொல். முந்தின நாள் காலை கோவை எக்ஸ்பிரஸில் புறப்பட்டு வந்துவிடுகிறேன். அதுவரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.

அன்புடன்,
அப்பா